மணியை நடக்க வைத்த மத்தியானம்

அன்புள்ள மகனுக்கு,

நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருப்பதைப் போனிலேயே கேட்டுவிட்டேன். ஆகையால் சுகம் விசாரிக்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்று கேட்டாயே, அதற்குப் பதில் எழுதுகிறேன். "அம்மா, பாம்புக்கடிக்கு அப்பா ஒரு எலை குடுப்பாருல்ல, அது என்ன எலைம்மா? பேர மட்டும் சொல்லு, நான் தேடிக்கிறேன்" என்றாய். "லைன் இரையுதுப்பா, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். லைன் இரையவில்லை. கோச்சடையில் உன் அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன். காகிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கும் வரை நீ சும்மா இருந்துதான் ஆகவேண்டும். அஞ்சாவதோடு நின்றவள்தான், ஆனால் என் கடிதத்தை நான் யாரிடமும் சொல்லி எழுத வைத்ததில்லை.

நீ மில் வேலையை விட்டு, பேரையூர்ப் பக்கம் நிலம் வாங்கி, பருத்திக் காட்டுக்குள்ளேயே வீடு கட்டிக் குடிபோனதில் எனக்குச் சந்தோஷம்தான். பேத்தி திவ்யாவுக்குத் துணையாக நாய்க்குட்டி பிடித்து வந்து ஜிம்மி என்று பெயர் வைத்ததிலும் சந்தோஷம்தான். பக்கத்துக் காட்டுக்காரரின் நாய் பாம்பு கடித்துச் செத்துப்போனது என்று நீ சொன்னபோது பயந்துதான் போனேன். ஆனால் அதற்கு அடுத்து நீ சொன்னதுதான் என்னை உட்கார விடவில்லை. அந்த மனிதர் உன்னைப் பார்த்து, "கொட்டாம்பட்டிப் பக்கம் எலை குடுத்தாரே, அவரு மகனா நீங்க?" என்று கேட்டாராம். "செடியக் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டா ஜிம்மிக்கும் ஆச்சு, ஊருக்கும் ஆச்சும்மா. அப்பா பேரும் மறுபடி நிக்கும்" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு துள்ளலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் கெடுக்கத்தான் போகிறேன். நாய்க்கு இலை கொடுக்கிற வீட்டில் நாளைக்குப் பிள்ளைக்கும் இலையைத்தான் கொடுப்பார்கள். என் பேத்தி செருப்புப் போடாமல் அந்தப் பருத்திக்குள் ஓடுகிறவள்.

இலையின் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறியாநங்கை. அதோடு கொஞ்சம் மிளகு. அம்புட்டுத்தான். உன் தாத்தா உன் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தபோது, பெயரை வெளியே சொன்னால் இலைக்கு வீரியம் போய்விடும் என்று சொல்லியிருந்தார். காசு வாங்கக் கூடாது, சேதி கொண்டு வந்தவனை உட்காரச் சொல்லக் கூடாது, இலை பறிக்கும்போது வாய் பேசக் கூடாது. உன் அப்பா எதையும் மீறியதில்லை. கட்டிய பெண்டாட்டி எனக்கே அவர் இலையின் பெயரைச் சொன்னதில்லை. அம்மியில் அரைத்துக் கொடுத்தவள் நான். எத்தனை கழுவினாலும் கையில் கசப்பு நிற்கிற இலையை எனக்குத் தெரியாதா? இப்போது எழுதிவிட்டேன். எழுதினால் வீரியம் போகுமென்றால் போகட்டும்.

"கருப்பன் பொழச்சத என் கண்ணால பாத்தேனே" என்பாய். பார்த்தாய்தான். நீ ஒன்றாம் வகுப்புப் படித்த வருடம், நம் நாய் கருப்பனை வாய்க்கால் ஓரம் பாம்பு கடித்தது. உன் அப்பா இலையைப் புகட்டி, தூங்க விடாமல் நடக்க வைத்தார். மறுநாள் காலையில் உன் கையில் இருந்த தோசையை அது பிடுங்கிக்கொண்டு ஓடியது. நீ அழவில்லை, கை தட்டினாய். ஊருக்கே போய்ச் சொன்னாய். ஆனால் கடித்த பாம்பை நான் பார்த்தேன். வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தவள் நான். அது தண்ணீர்ப் பாம்பு, விஷம் இல்லாதது. வெறும் கஞ்சியைக் கொடுத்திருந்தாலும் கருப்பன் உன் தோசையைப் பிடுங்கியிருக்கும். அன்றைக்கே சொன்னேன், "ஏங்க, அது தண்ணிப் பாம்பு மாதிரியில்ல இருந்துச்சு" என்று. அவர் வாய் திறப்பதற்குள் உன் அப்பத்தா முந்திக்கொண்டார். "பாம்பு ஒங்கிட்ட வந்து பேரு சொல்லிட்டுப் போச்சாக்கும்? எம்மகன் கைராசியக் கெடுக்காம அடுப்பப் பாருடி." எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நம் வாசலுக்கு எம்புட்டுப் பேர் வந்தார்கள் என்று உனக்குத் தெரியும். பிழைத்தவர்கள் தேங்காய் பழத்தோடு திரும்பி வந்தார்கள். பிழைக்காதவர்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வராதவர்களைப் பற்றி நாங்கள் பேசியதும் இல்லை. யாராவது பேச்செடுத்தாலும், "கொண்டாரும்போதே நேரங்கடந்து போச்சு" என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள். இப்படித்தான் ஒரு மனிதருக்குக் கைராசி வருகிறது. உன் அப்பா யாரையும் ஏமாற்றவில்லை. மனதார நம்பினார். சோற்றுக் கையோடு எழுந்து போய் இலை பறிப்பார். அந்த மனிதரைத்தான் நான் கட்டிக்கொண்டேன் என்று எனக்கு எப்போதும் பெருமை உண்டு. இந்தக் கடிதத்தை எழுதும்போதும் உண்டு.

இனி மணி. நீ மேலூர் போய்விட்டு வரும்போது மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டு வந்த செவலை நாய்க்குட்டி. பைக்குள் என்ன என்று கண்டக்டர் கேட்டதற்குப் பூசணிக்காய் என்றாயாம். "ஒங்க ஊருப் பூசணிக்கா வாலாட்டுமாடா?" என்று அவர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். நீ பாலிடெக்னிக் படிக்க மதுரை விடுதிக்குப் போனபோது அதை என்னிடம் விட்டுப் போனாய். "மணியப் பாத்துக்கம்மா" என்று பஸ் ஜன்னலிலிருந்து சொன்னாய். அதன் பிறகு அது என் குரலுக்குத்தான் வரும். உன் அப்பா கூப்பிட்டால் காதைத் தூக்கிப் பார்க்கும். நான் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வந்து நிற்கும். இதை நீ நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

மணி லாரியில் அடிபட்டுச் செத்தது என்று உன்னிடம் சொன்னோம். அது பொய். உன் அப்பா சொல்லச் சொன்னார், நான் சொன்னேன். நீ விடுமுறைக்கு வந்தபோது நம் வீட்டுக்கு எதிரே நெடுஞ்சாலையில் நின்று, போகிற லாரிகளையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தாய். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். பங்குனி வெயில், மத்தியானச் சாப்பாட்டு நேரம். வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் மணி குரைத்தது. எலியைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு இல்லை அது. நான் எட்டிப் பார்த்தபோது நல்ல பாம்பு படமெடுத்து நின்றது. நான் கத்துவதற்குள் மணி மூக்கை நீட்டிவிட்டது. ஒரே கடி, மேல் உதட்டில். பாம்பு படப்புக்குள் போய்விட்டது. மணி முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றது, ஏதோ தப்புச் செய்துவிட்டது போல. இந்தத் தடவை தண்ணீர்ப் பாம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. "படமெடுத்துச்சுங்க, நல்லதுதான், நான் பாத்தேன்" என்றேன். உன் அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்தார், இலை பறித்தார், நான் அரைத்தேன்.

ரோட்டோரம் சைக்கிள் கடை வைத்திருந்த காஜா பாய் என் சத்தம் கேட்டு மொபட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணே, மாட்டாஸ்பத்திரி தொறந்துதான் இருக்கு. அக்கா பின்னால ஒக்காந்து மடியில வச்சுக்கிட்டா நொடியில போயிரலாம்" என்றார். உன் அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாய், ஊருக்கெல்லாம் எலை குடுக்குறவன் சொந்த நாயத் தூக்கிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனா, நாளைக்கு எவன் என் வாசல்ல ஏறுவான்?" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் பாலாடையைக் கழுவப் போனேன். உனக்குப் பால் புகட்டிய பாலாடைதான். அதில்தான் இலைச் சாற்றை ஊற்றி மணியின் வாயில் விட்டோம். பாதி உள்ளே போனது, பாதி கடைவாயில் வழிந்தது. அது இருமியது.

கொஞ்ச நேரத்தில் அதன் கண் சொருக ஆரம்பித்தது. "தூக்கம் வருது பாரு. தூங்க விட்டா தலைக்கு ஏறிரும். நடக்க வை, நடக்க வை" என்றார். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். உதட்டிலிருந்து முகம் வீங்கி, பட்டை கழுத்தில் இறுக ஆரம்பித்திருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. இழுப்புக்கு மணி வரவில்லை. அப்போது அவர், "நீ போயிக் கிணத்தடியில நின்னு கூப்பிடு. ஒனக்குத்தான் வரும்" என்றார். நான் கிணற்றடிக்குப் போய் நின்று, "மணி, வா" என்றேன். வந்தது. பிறகு வாசல்படிக்கு வந்து நின்று, "மணி, வாடா" என்றேன். வந்தது. வெயிலில் அந்த வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடுவே நான் எத்தனை தடவை இடம் மாறி நின்று கூப்பிட்டேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் வந்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னின, எச்சில் நூலாகத் தொங்கியது, கண் மூடியே இருந்தது. குரல் வந்த திசைக்கு வந்தது. வந்து சேர்ந்ததும் வாலை ஒரு தடவை ஆட்டும்.

காஜா பாய் போகவில்லை. மொபட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓரமாக நின்றவர் கடைசியில் தாங்க முடியாமல் சொன்னார்: "அக்கா, அது தூங்கலக்கா. கண்ணத் தொறக்க முடியாம நிக்குது. கூப்பிடாதீங்கக்கா." நான் வாயை மூடினேன். உன் அப்பா, "ஏன் நிறுத்திட்ட, கூப்பிடு" என்று கத்தினார். கூப்பிட்டேன். மணி பாதி தூரம் வந்து நின்றது. உட்கார்ந்தது. பிறகு படுத்தது. உன் அப்பா அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூச்சு மேலே மேலே போய், சின்னதாகி, நின்றுபோனது. வால் மட்டும் கொஞ்ச நேரம் முன்பு ஆடியது போலவே மண்ணில் வளைந்து கிடந்தது.

இந்தக் கோச்சடைத் தெருவில் மணி என்று ஒரு குழந்தை இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் அதன் தாய் வாசலில் நின்று, "மணீ, வா" என்று கூப்பிடுவாள். என் கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிடுவேன். அந்தக் குழந்தை வந்து சேரும் காலடிச் சத்தம் கேட்கும் வரை எனக்கு மூச்சு வராது. சில நாள் அது வர நேரமாகும். அவள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாள். போய் அவள் வாயைப் பொத்திவிடலாமா என்று இருக்கும். "அம்மாவுக்குச் சத்தம் ஆகல, வயசாயிருச்சு" என்கிறாள் உன் அக்கா. வயது இல்லை அது. உன் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இப்படித்தான். நினைவு தப்பிய நேரங்களில், "படுக்க விடுங்கடா அத, படுக்க விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ குனிந்து, "எதப்பா? எதப் படுக்க விடணும்?" என்று கேட்டாய். நர்ஸ் காய்ச்சல் பிதற்றல் என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மனிதர் சாகும் வரை மத்தியானங்களில் கிணற்றடிப் பக்கம் போகவில்லை, ராசா.

நீ போன் பேசிய மறுநாள் நான் தனியாக பஸ் ஏறி, மதுரையில் ஒரு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னால் ஆட்டோடு ஒருவர், கோழியை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு ஒருத்தி. என் முறை வந்ததும் டாக்டர், சின்னப் பெண், திவ்யாவின் அம்மா வயதுதான் இருக்கும், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "நாய் எங்கம்மா?" என்றாள். "அது செத்து ரொம்ப வருசமாச்சும்மா" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கோழிக்காரி, "பெரியாத்தா, லேட்டா வந்துட்டீக" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எம்மகன் வீட்ல இன்னொண்ணு இருக்கு. அதுக்குத்தான் கேக்க வந்தேன்" என்றேன். டாக்டர் சிரிக்காமல், என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, கூட்டம் குறைந்ததும் வந்து பேசினாள். அவள் சொன்னதை எல்லாம் உனக்கு எழுதுகிறேன். அலட்சியமாகப் படிக்காதே. மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படி.

ஜிம்மியைப் பாம்பு கடித்தால் முதலில் திவ்யாவைத் தள்ளி நிறுத்து. பாம்பைத் தேடாதே, அடிக்கப் போகாதே. தள்ளி நின்று பார்த்தவரைக்கும் போதும், பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. கழுத்தில் பட்டை இருந்தால் உடனே கழற்று. வலியில் இருக்கிற நாய் வளர்த்தவனையும் கடிக்கும், அதனால் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதே, திவ்யாவை முத்தம் கொடுக்க விடாதே. முகத்தில் கடி என்றால் வாயையும் கட்டாதே, மூச்சு முட்டும். பிறகு அதை நடக்க விடாதே. ஒரு அடி நடந்தாலும் விஷம் உடம்பில் அந்த அளவு வேகமாகப் பரவும். பெயர் சொல்லியும் கூப்பிடாதே, நீ கூப்பிட்டால் அது வந்துவிடும். நீ அதனிடம் போ. ஒரு சாக்கையோ போர்வையையோ விரித்து, அதில் படுக்க வைத்து, நீ ஒரு பக்கம் மருமகள் ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்று. கடிபட்ட இடத்துக்கு மேலே கயிறு கட்டாதே, பிளேடால் கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, ஐஸ் வைக்காதே, மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாதே. வாயில் ஒன்றும் ஊற்றாதே, தண்ணீர்கூட வேண்டாம். "நல்ல பாம்பு வெசம் நரம்பப் புடிச்சுரும்மா. இமை விழுந்துரும், தொண்டை எறங்காது, பின்னங்காலு தள்ளாடும், கடைசில மூச்சு விடுற சதையே நின்னுரும். பாக்குறவங்களுக்குத் தூங்குற மாதிரித் தெரியும். அது தூக்கம் இல்ல. அந்த நேரத்துல எதை ஊத்துனாலும் வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குத்தான் போகும்" என்றாள். பாலாடை என் கண் முன்னால் வந்தது. விரியன் கடி வேறு மாதிரி இருக்குமாம், வீங்கும், ரத்தம் நிற்காது. ஆனால் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதானாம். விஷமுறிவு ஊசி ஒன்றுதான் மருந்து. மனிதனுக்குப் போடுகிற அதே ஊசிதான் நாய்க்கும். எல்லா மாட்டாஸ்பத்திரியிலும் எல்லா நேரமும் இருக்காது, அதனால் எங்கே இருக்கிறது என்று இப்போதே விசாரித்து நம்பரை வாங்கி வைத்துக்கொள். வண்டி கிளம்பும்போதே போன் செய்து கேட்டுக்கொண்டு போ. நாய் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் போ. விஷமில்லாத பாம்பு என்று நீயே முடிவு கட்டாதே. அதை டாக்டர் முடிவு கட்டட்டும்.

எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டேன். "நடக்க வைக்காம அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருந்தா பொழச்சிருக்குமாம்மா?" அந்தப் பெண் கையைத் துடைத்தாள். "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றாள். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டேன்.

உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீ கடைசி வருடம் படித்தபோது நம் ஊர்ப் பையன் எவனோ விடுதிக்கு வந்து, "மாப்ள, ஒங்கப்பாருக்குக் கைராசி போயிருச்சாம்ல. வாசலுக்கு வந்த பொம்பளப் புள்ளைய வெரட்டி விட்டுட்டாராம்ல" என்று சொன்னதாக வந்து குதித்தாய். "ஏம்ப்பா வெரட்டினீங்க? எலைதானே கேட்டாங்க?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டாய். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதன் பிறகு வெகுகாலம் நீ அவரோடு சரியாகப் பேசவும் இல்லை. உனக்கு வந்து சேர்ந்தது பாதிக் கதை. மீதியை நான் பார்த்தேன்.

மணி போன பிறகு வந்த மழைக்காலம். காலையில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார், பின்னாலேயே அந்தப் பிள்ளையின் தாய். கடலைக் காட்டில் பாம்பு காலில் கடித்திருந்தது. "எலை இல்ல, மதுரைக்குக் கொண்டு போங்க" என்றார் உன் அப்பா. "அந்தா நிக்கிது அண்ணே, கண்ணுக்குத் தெரியுதுல்ல" என்று அந்தத் தகப்பன் காலில் விழுந்தார். உன் அப்பா போய் அந்தச் செடியை வேரோடு பிடுங்கிக் குப்பைக் குழியில் எறிந்தார். "இப்ப இல்ல. எந்திரிங்க" என்றார். அந்தத் தாய் மண்ணை வாரித் தூற்றினாள். இதுவரைக்கும்தான் ஊரில் சொன்னார்கள். அதற்குப் பிறகு உன் அப்பா அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். தாய்க்காரி அவர் முதுகில் அடித்துக்கொண்டே போனாள். அவர் நெடுஞ்சாலை நடுவில் போய் நின்றார். திருச்சியிலிருந்து வந்த லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. "சாகணும்னா வேற லாரி பாருய்யா" என்று டிரைவர் கத்தினார். யாருக்கும் தலை வணங்காத மனிதர், கையில் பிள்ளை இருந்ததால் கும்பிடவும் முடியாமல், தலையைத் தலையைக் குனிந்து, "அண்ணே, நல்லாருப்பீக, பெரியாஸ்பத்திரி வரைக்கும்ணே" என்று கெஞ்சினார். ஏறும்போது அந்தப் பிள்ளை, "எறக்கி விடுங்க, நானே ஏறிக்கிறேன்" என்று திமிறியது. "வேணாம்த்தா. நீ ஒரு அடிகூட வைக்க வேணாம். நான் தூக்கிக்கிறேன்" என்றார். மதுரை வரைக்கும் மடியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாராம். அந்தத் தகப்பனே பிற்பாடு காஜா பாயிடம் சொல்லியிருக்கிறார்.

பிள்ளை பிழைத்தது. இப்போது அதற்கே பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டிலிருந்து நமக்குத் தேங்காய் பழம் வரவில்லை. அன்றைக்கு வாசலில் நின்றவர்கள் எல்லாம், கைராசி போய்விட்டது, அதை மறைக்கத்தான் செடியைப் பிடுங்கினார் என்று பேசினார்கள். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "நடந்தத நாலு பேர்கிட்டச் சொன்னா என்ன? இம்புட்டுக் கேவலமாப் பேசுறாங்க" என்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "பேசட்டும். கை போயிருச்சுன்னு தெரிஞ்சாத்தான் இங்க வராம நேரா ரோட்டுக்கு ஓடுவாங்க" என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ வந்து சண்டை போட்டபோதுகூட.

உன் பக்கத்துக் காட்டுக்காரர் மறுபடி வந்து கேட்டால் இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு. எனக்கு வெட்கமில்லை. அப்பா பெயரை மறுபடி நிற்க வைக்க வேண்டும் என்றாயே, கை போய்விட்டது என்பது உன் அப்பா தெரிந்தே வாங்கிக்கொண்ட கெட்ட பெயர். அதை நீ துடைத்துவிடாதே.

அம்மா